டெண்டர் கை நழுவிப்போய் 8 மாசம், இப்ப அதே ஆளுக்கு டெண்டர் இல்லாம கூடுதல் வேலை: கேஸ் போடலாமா?

வாசகர் ஒருத்தர் எழுதியிருக்காரு. தென்மாவட்டத்துல கிளாஸ்-1 காண்ட்ராக்டர், 20 வருஷமா இதே தொழில். அவரு ஊர் நகராட்சியில ரெண்டு மெயின் ரோட்டுக்கு மழைநீர் வடிகால் டெண்டர் விட்டாங்க, 15 நாள் டைம் குடுத்தாங்க, இவரு 1 கோடியே 78 லட்சம் போட்டு எல்2, அதாவது ரெண்டாவது குறைஞ்ச தொகை போட்டவர் ஆனாரு, 1 கோடியே 74 லட்சம் போட்டவருக்கு வேலை போச்சு. ஜெயிச்சவரு வச்ச முன் அனுபவ சர்டிபிகேட், கேட்ட தொகைக்கு குறைவுன்னு இவருக்கு அப்பவே சந்தேகம் இருந்திருக்கு, ஆனா "ஆபீஸ்காரங்களை பகைச்சுக்கிட்டா நாளைக்கு வேலை கிடைக்காது"ன்னு பேசாம இருந்துட்டாரு. இது நடந்து 8 மாசம் ஆச்சு. இப்ப அதே ஆளுக்கு 62 லட்சத்துக்கு கூடுதல் வேலை, டெண்டர் எதுவும் இல்லாம. அதுல 11 லட்சம் தோண்டும்போது பாறை வந்ததுக்கு, மீதி 51 லட்சம் பக்கத்துல இருக்கிற நாலு தெருவுக்கு பேவர் பிளாக் போட. மேல டைமும் நீட்டிச்சு குடுத்துருக்காங்க, அபராதமும் இல்ல. "வக்கீல் சார், முதல்ல குடுத்த ஆர்டரையே கேன்சல் பண்ணி எனக்கு வாங்கித் தர முடியுமா, இல்ல கூடுதல் வேலைக்கு மட்டும் கேஸ் போடணுமா, போட்டா என்னைய பிளாக்லிஸ்ட் பண்ணிருவாங்களா" இதான் கேள்வி.

அண்ணாச்சி, முதல்ல உங்க மனசுக்கு கஷ்டமா இருக்கிற பதிலை சொல்லிடுறேன். முதல் ஆர்டர் கதை முடிஞ்சுபோச்சு. சட்டம் உங்க பக்கம் இருந்திருக்கலாம், சர்டிபிகேட் நிஜமாவே குறைவா இருந்திருக்கலாம், ஆனா 8 மாசம் கழிச்சு, ரெண்டு ரோட்டுலயும் வடிகால் பாதிக்கு மேல கட்டினப்புறம், எந்த நீதிபதியும் அதை உடைச்சு உங்க கையில குடுக்க மாட்டாரு. ஆனா கூடுதல் வேலை அப்படி இல்ல. அது புது முடிவு, புது தேதி, அதுக்கு தனி கடிகாரம் இப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்கு. நீங்க ரெண்டையும் ஒண்ணா முடிச்சு போட்டு ஒரே மனுவுல குடுத்தீங்கன்னா செத்துப்போன முதல் வழக்கு உயிரோட இருக்கிற ரெண்டாவதையும் சேத்து இழுத்துட்டு போயிரும், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல் ஆர்டர் ஏன் முடிஞ்சுதுன்னு சொல்றேன். தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல 11-வது பிரிவு இருக்கு. டெண்டரை ஏத்துக்கிட்ட உத்தரவுல உங்களுக்கு குறை இருந்தா, உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள்ள அரசாங்கத்துக்கு அப்பீல் போடணும், அரசாங்கம் 15 நாளுக்குள்ள முடிக்கணும். பத்தே நாள். நம்ம காண்ட்ராக்டர்கள்ல பாதி பேருக்கு இப்படி ஒரு அப்பீல் இருக்கிறதே தெரியாது, தெரிஞ்சவங்களும் "முதல்ல ஈஎம்டி (டெண்டருக்கு கட்டின முன்வைப்புத் தொகை) திரும்ப வரட்டும்"னு காத்திருப்பாங்க. ஜெயிச்சவர் பேரும், மத்தவங்க டெண்டர் தள்ளுபடியான காரணமும் டெண்டர் விவரங்களை வெளியிடுற டெண்டர் புல்லட்டின் அதிகாரிக்கு போகணும்னு சட்டத்துலயே இருக்கு, அதனால இனிமே எந்த டெண்டர்ல தோத்தாலும் அன்னைக்கே ஒரு லெட்டர் எழுதி ஒப்பீட்டு அட்டவணையும் உத்தரவு நகலும் கேளுங்க, ஸ்பீடு போஸ்ட் ரசீதை பத்திரமா வைங்க. அந்த அப்பீலுக்கு போகாம நேரா ஹைகோர்ட்டுக்கு வந்தா "மாற்று வழி இருக்கே, அங்க ஏன் போகல"ன்னுதான் முதல் கேள்வியே வரும்.

தாமதம் எவ்வளவு பெரிய விஷயம்னு ஒரு பழைய வழக்கை சொன்னா புரியும். 1979-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்ன ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு, பம்பாய் ஏர்போர்ட்ல ஒரு ரெஸ்டாரண்டும் ரெண்டு ஸ்நாக் பாரும் நடத்துற டெண்டர். 5 வருஷ அனுபவம் உள்ள ரெண்டாம் தர ஹோட்டல்காரர்தான் போடணும்னு நிபந்தனை, அந்த தகுதி இல்லாத ஆளுக்கு குடுத்துட்டாங்க. அரசாங்கம் தானே போட்ட அளவுகோலை தானே மீறக்கூடாதுன்னு கோர்ட் தெளிவா சொல்லிச்சு, டெண்டர் வழக்குன்னு யார் போட்டாலும் இன்னைக்கும் முதல் பக்கத்துல இந்த தீர்ப்பு இருக்கும். ஆனா வழக்கு போட்டவருக்கு என்ன கிடைச்சுதுன்னு பாத்தீங்கன்னா, ஒண்ணும் இல்ல! ஏப்ரல் 1977-ல டெண்டர் ஏத்தாங்க, இவரு நவம்பர்லதான் கோர்ட்டுக்கு வந்தாரு, அதுக்குள்ள அந்த ஆள் காசு செலவழிச்சு எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாருன்னு நிவாரணம் தர மறுத்துட்டாங்க. சட்டம் ஜெயிச்சுது, மனுதாரர் தோத்தாரு. அங்க தாமதம் 6 மாசத்துக்கு மேல, உங்களுக்கு 8 மாசம்.

இன்னொண்ணு, சீக்கிரமா வந்திருந்தாலும் சுலபம்னு நினைச்சிராதீங்க. 1994-ல டாடா செல்லுலார் வழக்கு, டெல்லி பம்பாய் கல்கத்தா மெட்ராஸ் நாலு ஊருக்கும் மொபைல் போன் லைசென்ஸ் குடுத்தது பத்தினது, அதுல கோர்ட் ஒரு கோடு கிழிச்சுது: நாங்க முடிவு சரியா தப்பான்னு அப்பீல் மாதிரி பாக்க மாட்டோம், முடிவுக்கு வந்த வழி நேர்மையான்னுதான் பாப்போம். 2006-ல ஜகதீஷ் மண்டல் வழக்குல அதை ரெண்டே கேள்வியா சுருக்கிட்டாங்க. கெட்ட எண்ணத்தோட, இல்ல ஒருத்தருக்கு சாதகமா பண்ணாங்களா, அல்லது புத்தியுள்ள எந்த அதிகாரியும் எடுக்கமுடியாத முடிவா? ரெண்டாவது, பொதுநலன் பாதிச்சுதா? இந்த ரெண்டுக்கும் இல்லைன்னு பதில் வந்தா கோர்ட் தலையிடாது. 2016-ல நாக்பூர் மெட்ரோ வழக்குல, டெண்டர் டாகுமெண்டை எழுதினவங்களுக்குத்தான் அதோட அர்த்தம் நல்லா தெரியும், அவங்க எடுத்த அர்த்தம் ஏத்துக்கிற மாதிரி இருந்தா நாங்க மாத்த மாட்டோம்னு சொல்லிட்டாங்க. முன் அனுபவ சர்டிபிகேட் சண்டை முக்காவாசி இந்த இடத்துலதான் அடிபடும், "இதுவும் அதே மாதிரி வேலைதான்னு நாங்க எடுத்துக்கிட்டோம்"னு ஈ.ஈ. (செயற்பொறியாளர்) ஒரு பாரா எழுதிட்டா போதும்.

ஆனா கோர்ட் எப்பவும் கை கட்டிக்கிட்டு நிக்கும்னும் இல்ல. அக்டோபர் 2024-ல பன்ஷிதர் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கு, பாரத் கோக்கிங் கோல் நிறுவனத்தோட சுரங்க டெண்டர், ஒருத்தரோட பேப்பர்ல சின்ன குறைன்னு தள்ளிட்டு, ஜெயிச்சவரோட குறையை கண்டுக்காம விட்டுட்டாங்க, சுப்ரீம் கோர்ட் ஆர்டரையே ரத்து பண்ணிச்சு. ஒருத்தருக்கு ஒரு படி இன்னொருத்தருக்கு வேற படின்னு அளந்தா கோர்ட் சும்மா இருக்காது. அதுக்கு கையில பேப்பர் இருக்கணும், உங்ககிட்ட இருந்தது சந்தேகம் மட்டும்தான் அண்ணாச்சி.

சரி, இப்ப உங்க நிஜமான வழக்குக்கு வர்றேன். 62 லட்சத்தை ஒரே மூட்டையா பாக்காதீங்க, பிரிச்சு பாருங்க. பாறை வந்ததுக்கு 11 லட்சம், இதை விட்டுருங்க, தயவுசெஞ்சு விட்டுருங்க. மண்ணுக்கு கீழ என்ன இருக்குன்னு எஸ்டிமேட் போடும்போது யாருக்கும் முழுசா தெரியாது, வடிகால் கட்டித்தான் ஆகணும், பாதியில நிறுத்தி பாறைக்கு மட்டும் தனி டெண்டர் விட முடியாது, அக்ரிமெண்ட்லயே அளவு கூடினா குறைஞ்சா என்ன பண்ணணும்னு ஷரத்து இருக்கும். இது டெண்டர் விட்ட அதே வேலைக்குள்ள வந்த மாற்றம். நீங்களே ஜெயிச்சிருந்தாலும் இதை கேட்டிருப்பீங்க. இதையும் சேத்து எதிர்த்தா நீங்க பொறாமையில வந்திருக்கீங்கன்னு எதிர்ப்பக்க வக்கீல் முதல் நிமிஷத்துலயே காமிச்சிருவாரு.

பேவர் பிளாக் 51 லட்சம் வேற. அது வடிகால் இல்ல, அந்த ரெண்டு மெயின் ரோடும் இல்ல, டெண்டர் நோட்டீஸ்ல அந்த நாலு தெரு பேரே இல்ல. வடிகால் முடிய பேவர் பிளாக் தேவையும் இல்ல. வேற ஆள் வந்து போட்டா எந்த டெக்னிகல் சிக்கலும் இல்ல. அப்ப இது மாற்றம்னு பேர் வச்ச புது வேலை. டெண்டர் இல்லாம அரசு கொள்முதல் கூடாதுங்கிறதுதான் நம்ம சட்டத்தோட அடிப்படையே, விதிவிலக்கு 16-வது பிரிவுல இருக்கு, பேரிடர் மாதிரி அவசரம், ஒருத்தர்கிட்ட மட்டும்தான் கிடைக்கும்ங்கிற நிலைமை, இப்படி. நாலு தெருவுக்கு பேவர் பிளாக் போடுறது இதுல எதுக்குள்ள வரும்? கோர்ட்ல நிக்கப்போற கேள்வி இதுதான், இதை சுத்திதான் மனுவை எழுதணும்.

உங்க லெட்டர்ல நீங்களே கவனிக்காம எழுதின ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பெருசா படுது. டெண்டருக்கு 15 நாள் டைம் குடுத்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. 2000-ம் வருஷ டெண்டர் விதிகள்படி 2 கோடி வரைக்கும் உள்ள டெண்டருக்கு குறைஞ்சது 15 நாள், 2 கோடிக்கு மேல போனா 30 நாள், குறைக்கணும்னா மேலதிகாரி காரணம் எழுதி அனுமதி குடுக்கணும். இப்ப கூட்டிப் பாருங்க. 1 கோடியே 74 லட்சமும் 62 லட்சமும் சேத்தா 2 கோடியே 36 லட்சம். இந்த வேலை மொத்தமா முதல்லயே டெண்டருக்கு வந்திருந்தா 30 நாள் திறந்து இருந்திருக்கும், பக்கத்து மாவட்டத்துல இருந்துகூட ஆள் வந்திருக்கலாம், ரேட்டும் வேற மாதிரி வந்திருக்கலாம். பாறை 11 லட்சத்தை மட்டும் சேத்தா 2 கோடியை தொடவே தொடாது, தாண்ட வச்சது பேவர் பிளாக்தான். வேணும்னே வரம்புக்கு கீழ வச்சாங்கன்னு நான் சொல்லல, அதுக்கு நம்மகிட்ட ஆதாரம் இல்ல, ஆனா விளைவு இதுதான்னு கோர்ட்ல காட்டலாம், ஒரு எளிய கூட்டல் கணக்குக்கு இருக்கிற பலம் பத்து பக்க குற்றச்சாட்டுக்கு இருக்காது.

நம்ம நாட்டுல கூடுதல் வேலை எத்தனை சதவீதம் தாண்டினா புது டெண்டர் விடணும்னு எல்லா துறைக்கும் பொதுவா ஒரே கோடு போட்ட தீர்ப்பு கிடையாது, அந்தந்த அக்ரிமெண்ட் ஷரத்தையும் துறை விதியையும் வச்சுத்தான் வாதாடணும். ஐரோப்பாவுல இது ரொம்ப தெளிவு. 2008-ல ஆஸ்திரியா செய்தி நிறுவனம் ஒண்ணு சம்பந்தப்பட்ட வழக்குல அங்க உள்ள கோர்ட் மூணு கேள்வி வச்சுது: இந்த மாற்றம் முதல்லயே டெண்டர்ல இருந்திருந்தா வேற ஆள் உள்ள வந்திருப்பாங்களா இல்ல வேற ஆள் ஜெயிச்சிருப்பாங்களா, வேலையோட எல்லையே பெருசா விரியுதா, லாபக்கணக்கு காண்ட்ராக்டர் பக்கம் சாயுதா. அப்புறம் 2014-ல சட்டமாவே எழுதி, கட்டுமான வேலைன்னா ஒப்பந்த மதிப்புல 15 சதவீதத்துக்கு கீழ உள்ள மாற்றத்துக்கு, ஒப்பந்தத்தோட தன்மை மாறாத வரைக்கும், புது டெண்டர் வேண்டாம்னு வச்சாங்க. அந்த சட்டம் இங்க செல்லாது, நானும் அதை காட்டி வாதாடப் போறதில்ல, ஆனா உங்க வழக்கை நீங்களே எடைபோட அந்த மூணு கேள்வி ரொம்ப உதவும். பாறை கூடினது ஒப்பந்தத்துல 6 சதவீதம் சொச்சம், எல்லாம் சேத்தா 35 சதவீதம் தாண்டுது.

நம்ம ஊர்லயும் இதோட சாரம் தீர்ப்புகள்ல இருக்கு. 2000-ல உல்லாஸ்நகர் மாநகராட்சி ஆக்ட்ராய் (ஊருக்குள்ள வர்ற சரக்குக்கு போடுற வரி) வசூல் டெண்டர் வழக்குல, ஆட்டக்காரங்க களத்துல இறங்கினப்புறம் டெண்டர் நிபந்தனையை மாத்துறது, ஆட்டம் ஆரம்பிச்சப்புறம் ஆட்ட விதியை மாத்துற மாதிரின்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. ஜெயிச்சப்புறம் மாத்துறதுக்கு பெரிய உதாரணம்னா முந்த்ரா மின்நிலையம். ஏலத்துல யூனிட்டுக்கு 2 ரூபாய் 26 பைசான்னு போட்டு டாடா பவர் குழுமம் 4000 மெகாவாட் திட்டத்தை ஜெயிச்சுது, 25 வருஷ ஒப்பந்தம், அப்புறம் இந்தோனேசியாவுல நிலக்கரி விலை விதியை மாத்தினதும் கட்டுப்படி ஆகலன்னு கூடுதல் கட்டணம் கேட்டாங்க, அதானி பவரும் கேட்டுது, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் குடுக்கவும் குடுத்துது. 2017 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் அதை ஏத்துக்கல, வெளிநாட்டுல விலை ஏறினது ஒப்பந்தத்துல சொன்ன எதிர்பாரா நிகழ்வு கிடையாது, ஒப்பந்தம் அனுமதிக்கிறது மட்டும்தான் கிடைக்கும்னு சொல்லிட்டாங்க. குறைச்சு போட்டு ஜெயிக்கிறது, அப்புறம் உள்ள உக்காந்து ரேட்டை ஏத்துறது, இது நடந்தா நேர்மையா கணக்கு போட்டு எல்2 ஆனவனுக்கு டெண்டர்ல என்ன மரியாதை இருக்கு, நீங்களே சொல்லுங்க.

அதனால பேவர் பிளாக் எந்த ரேட்டுக்கு குடுத்தாங்கன்னு கட்டாயம் பாக்கணும். முதல் டெண்டர்ல அவரு எஸ்டிமேட்டுக்கு கீழ எத்தனை சதவீதம் போட்டாரோ அதே குறைப்பு கூடுதல் ஐட்டத்துக்கும் போட்டாங்களா, இல்ல முழு ஷெட்யூல் ரேட்ல (அரசு விலைப்பட்டியல் ரேட்ல) குடுத்தாங்களா? உங்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் வெறும் 4 லட்சம். 51 லட்சம் வேலையில 8 சதவீதம் விட்டுக்குடுத்திருந்தாலே அந்த 4 லட்சம் கரைஞ்சுபோச்சு. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனியா ரேட் போடுற ஐட்டம் ரேட் டெண்டரா இருந்தா இன்னும் ஒரு படி உள்ள போகணும், எந்த ஐட்டம் குறையப்போகுதுன்னு தெரிஞ்சு அதுல சும்மா கம்மியா போட்டு, எது கூடப்போகுதுன்னு தெரிஞ்சு அதுல ஏத்திப்போட்டு மொத்தத்துல எல்1 ஆகுறது இந்தத் தொழில்ல புதுசு இல்ல, நீங்களும் பாத்திருப்பீங்க. கடைசியா எம்-புக்ல (வேலையோட அளவு எழுதுற புத்தகத்துல) ஏறின அளவை வச்சு அவரு ரேட்டுக்கும் உங்க ரேட்டுக்கும் மறுபடி கணக்கு போடுங்க. உங்க மொத்தம் குறைவா வந்தா, எல்1 எல்2 தலைகீழ் ஆயிடுச்சுன்னு அர்த்தம், ஆடிட்காரங்க தேடுறதும் இதைத்தான். டைம் நீட்டிச்சது பெரிய விஷயம் இல்ல, பாறையை காரணம் காட்டிருவாங்க.

இதுக்கெல்லாம் பேப்பர் வேணும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டி மனு போடுங்க: அக்ரிமெண்ட் நகல், கூடுதல் வேலைக்கான எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, நகர்மன்றத் தீர்மானம், துணை ஒப்பந்தம், எம்-புக் பக்கங்கள். 30 நாள் அவங்களுக்கு டைம். வணிக ரகசியம்னு அந்த சட்டத்தோட 8(1)(டி) பிரிவை சொல்லி மறுக்கப் பாப்பாங்க, வேலை குடுத்து முடிஞ்ச ஒப்பந்தத்துல அது நிக்கிறது கஷ்டம், 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு போடுங்க. ஆனா அந்த பதிலுக்காக உக்காந்திருக்காதீங்க! என்கிட்ட வந்த ஒரு காண்ட்ராக்டர், ரொம்ப நல்ல மனுஷன், ஆர்டிஐ பதில், முதல் மேல்முறையீடு, ரெண்டாவதுன்னு எல்லாத்தையும் முறையா முடிச்சு கட்டு கட்டா பேப்பரோட வந்தாரு, ஒவ்வொரு பேப்பரும் வைரம், ஆனா அவரு வந்த அன்னைக்கு அந்த ரோட்ல பஸ் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கு அவர் முகம் இன்னும் என் கண்ணுல நிக்குது.

அதனால இந்த வாரமே நகராட்சி கமிஷனருக்கு ஒரு மனு, நகல் நகராட்சி நிர்வாக இயக்குநருக்கு, ரெண்டே பக்கம். "பேவர் பிளாக் வேலையை டெண்டர் விடாம குடுத்தது சட்டத்துக்கு விரோதம், வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்தி டெண்டர் விடுங்க, நான் போட்டி போட தயார்." இவ்வளவுதான். எனக்கு குடுங்கன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது, டெண்டர் விடுங்கன்னுதான் வரணும். 10 நாள் பாத்துட்டு பதில் இல்லன்னா ஹைகோர்ட் மதுரைக் கிளையில அரசியலமைப்பு 226-வது பிரிவுல ரிட் மனு. 11-வது பிரிவு அப்பீல் டெண்டரை ஏத்த உத்தரவுக்குத்தான், இங்க டெண்டரே இல்லையே, அதனால மாற்று வழி இருக்குன்னு சொல்றது உங்களுக்கு பொருந்தாதுன்னுதான் நான் வாதாடுவேன்.

ஸ்டே பத்தி ஒரு எச்சரிக்கை. 2018 திருத்தத்துக்கு அப்புறம் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்ங்கிற குறிப்பிட்ட தீர்வுச் சட்டத்துல, கட்டமைப்பு திட்டம் தாமதமாகுற மாதிரி தடை உத்தரவு போடக்கூடாதுன்னு 41-வது பிரிவுல சேத்துட்டாங்க, அந்த பட்டியல்ல மழைநீர் வடிகால்னு பேரோடயே இருக்கு. 2022-ல என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்குல, ரிட் கேக்குற ஹைகோர்ட்டும் இதை மனசுல வைக்கணும், தப்பு நடந்திருந்தா நஷ்ட ஈடு கேக்க விடலாம், வேலையை நிறுத்தாதீங்கன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதனால வடிகாலுக்கு ஸ்டே கேக்கவே கேக்காதீங்க. பேவர் பிளாக்குக்கு மட்டும், அதுவும் கல்லு இறங்குறதுக்கு முன்னாடி கேளுங்க. ரெண்டு தெரு முடிஞ்சிருச்சுன்னா மீதி ரெண்டுக்கு கேளுங்க.

செலவும் யோசிங்க. 2021-ல நம்ம டாஸ்மாக் பாட்டில்ல ஒட்டுற ஹோலோகிராம் லேபிள் டெண்டர் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, யூஃப்ளெக்ஸ் வழக்குன்னு சொல்வாங்க, வணிகச் சண்டையை ரிட்டா கொண்டுவந்தா தோத்தவங்க செலவை குடுக்கணும்னு சொல்லி செலவுத்தொகை கட்ட வச்சாங்க. அதனாலதான் முதல் டெண்டரை தொடாதீங்க, பாறையை தொடாதீங்கன்னு திரும்ப திரும்ப சொல்றேன், சின்னதா, சுத்தமா, ஒரே கேள்வியோட போனா அந்த பயம் குறைவு. வேற யாரையாவது முன்னால நிறுத்தி பொதுநல வழக்கா போடலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க, ரமணா வழக்குலயே மனுதாரருக்கு பின்னாடி வேற ஆள் இருக்காருன்னு கோர்ட் கண்டுபிடிச்சு அதுவும் சேந்துதான் எதிரா போச்சு.

பிளாக்லிஸ்ட் பயம், இது உங்க 8 மாச மௌனத்துக்கே காரணம், எனக்கு புரியுது, கடன் வாங்கி லாரி ஓட்டுறவனுக்கு அது சோத்துப் பிரச்சனை. ஆனா கேஸ் போட்டதுக்காக யாரையும் கருப்புப் பட்டியல்ல போட முடியாது. 1974-லயே எருசியன் எக்யுப்மெண்ட் வழக்குல, பட்டியல்ல சேக்குறதுக்கு முன்னாடி விளக்கம் சொல்ல வாய்ப்பு குடுக்கணும்னு சொல்லியாச்சு, 2014-ல கோர்க்கா செக்யூரிட்டி வழக்குல, பிளாக்லிஸ்ட் பண்ணப்போறோம்னு நோட்டீஸ்லயே தெளிவா இருக்கணும்னும் சொல்லியாச்சு. நோட்டீஸ் இல்லாம பண்ணா அது நிக்காது, அந்த வழக்கு இதைவிட சுலபம். பில் பாஸ் பண்ண இழுத்தடிக்கிறது, சைட்ல குத்தம் கண்டுபிடிக்கிறது, இந்த மாதிரி தொல்லை வரலாம், வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். இப்ப அந்த ஆபீஸ்ல உங்க பழைய வேலை பில் ஏதாவது நிலுவையில இருந்தா, மனு குடுக்குறதுக்கு முன்னாடி அதை எழுத்துல கேட்டு ரசீது வாங்கி வைங்க, அப்புறம் இழுத்தா ஏன் இழுத்தாங்கன்னு அந்த தேதியே சொல்லும்.

நாளைக்கு காலையில முதல் வேலையா அந்த நாலு தெருவுக்கும் போங்க அண்ணாச்சி, தெரு பேர் போர்டு தெரியுற மாதிரி, தேதியோட போட்டோ எடுங்க, கல்லு இறங்கியிருக்கா, தோண்டியிருக்காங்களா, ஒண்ணுமே ஆரம்பிக்கலையான்னு. டெண்டர் போர்ட்டல்ல அந்த பழைய நோட்டீஸ் இன்னும் இருந்தா அதையும் டவுன்லோடு பண்ணி பிரிண்ட் எடுத்துக்கோங்க, தெரு பேர் அதுல இல்லைங்கிறதுதான் நம்ம முதல் ஆவணம்.